மணலியில் குடியிருந்த தீட்சிதர்

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் சடையங்குப்பம், மணலி என்றாலே தயங்குகிறார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் குடியிருந்தது இதே மணலியில்தான்.

அவர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். மணலி முத்துகிருஷ்ண முதலியார் அழைத்ததால் தந்தை ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு இங்கே வந்தார். முதலியாரின் மகன் அழைத்துப்போக, சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். அப்படித்தான் கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள்.

பிறகு காசி, காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று ஊர் மாறி, 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார்.

அடுத்த முறை உறவினர்கள் நம் பகுதியை அடையாறோடு ஒப்பிட்டால், இதையும் சொல்லுங்கள்.