துளையிலே பூத்த பட்டு

கண்டாவளையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவிலே ஓர் ஆச்சி வாழ்ந்திருந்தார். சார்வோலையை மெல்லிதாக வார்ந்து, ஒரு பகுதிக்குச் சிவப்பும் மற்றொரு பகுதிக்கு ஊதாவுமாகச் சாயமேற்றி, திண்ணையிலே கால்நீட்டி அமர்ந்து அவர் பாய் இழைப்பார். பாயின் நடுவே எட்டு இதழ்ப் பூவொன்று மெல்ல மெல்ல விரியும். எத்தனை ஓலையைத் தாண்டி எந்த ஓலையின் கீழ் நுழைய வேண்டும் என்னும் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. கேட்டால் அவருக்கே சொல்ல வராது. விரல்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரோடு ஊராக நாங்களும் இடம்பெயர்ந்தோம். மீண்டு வந்து குடியேறியபின் ஆச்சி நெடுநாள் இருக்கவில்லை. அந்தப் பூவை இழைக்கத் தெரிந்தவர் எங்கள் ஒழுங்கையில் இன்று எவருமில்லை. ஓரம் கிழிந்த பாயொன்று மட்டும் எங்கள் வீட்டிலே எஞ்சிக் கிடக்கிறது.

அப்பாயை விரிக்குந்தோறும் பிரான்சு தேசத்து நெசவாளர் ஒருவரின் நினைவு எனக்கு எழுவதுண்டு. ஜோசப் மரி ஜக்கார் என்பது அவர் பெயர். காஞ்சிபுரத்துத் தறிக்கூடங்களில் தறியின் உச்சியிலே பொருத்தப்பட்டுள்ள பெட்டிக்கு அவர் பெயரே பெயராக நிலைத்துவிட்டது. அது ஒரு மனிதனின் பெயர் என்பதைப் பலர் அறியார். விரலிலே குடியிருந்த பூவை விரலுக்கு வெளியே குடியேற்றிய மனிதர் அவர். அந்த வாழ்க்கையை வாசகர்க்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜக்கார் 1752ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள் லியோன் நகரிலே பிறந்தார். ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த அந்நகரம் அக்காலத்தில் பட்டு நெசவுக்குப் பேர்பெற்றது. அரச மாளிகைகளின் சுவர்களை மூடிய பூப்பட்டும், பிரபுக்கள் அணிந்த சித்திரப்பட்டும் அங்கிருந்து சென்றவை. தந்தை நெசவுத் தொழிலில் தேர்ந்தவர். சொந்தத் தறிகள் வைத்திருந்தவர். தாயோ சித்திரம் வாசிப்பவர். சித்திரத்தை எவ்வாறு வாசிப்பது என்று வாசகர் வினவலாம். அதனை விளக்காமல் ஜக்காரின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

வெறுந்துணி நெய்வதற்குப் பாவு நூல்களை இரு கூறாக்கி, ஒரு கூறு மேலெழ மறு கூறு தாழ, இடையே நாடாவைச் செலுத்தினாற் போதும். மிதிபலகை இரண்டு இருந்தால் வேலை நடந்துவிடும். பூ நெய்யும்போது நிலைமை வேறு. ஒவ்வோர் ஊடைக்கும் எழவேண்டிய பாவு நூல்கள் மாறிக்கொண்டேயிருக்கும். முதல் ஊடைக்கு மூன்றாம் நூலும் பதினேழாம் நூலும் எழுமானால், அடுத்த ஊடைக்கு நான்காம் நூலும் பதினாறாம் நூலும் எழவேண்டும். இவ்வாறு ஆயிரக்கணக்கான நூல்களை நெசவாளன் ஒருவனே தெரிந்து தூக்குவது ஆகாத காரியம். ஆகவே தறியின் பக்கத்தில் கயிறுகள் பல தொங்கவிடப்பட்டு, அவற்றை முறைப்படி இழுப்பதற்கு உதவியாள் ஒருவர் நிறுத்தப்படுவார். பெரும்பாலும் அவ்வேலை சிறுவர்க்கும் இளம்பெண்களுக்கும் உரியதாயிற்று. பாரமான கயிற்றுக் கட்டுகளை நாள் முழுதும் இழுத்து இழுத்து அவர்களின் உடல் கோணிப்போகும். அரசிளங்குமரியின் ஆடையிலே மலர்ந்த ரோசாவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் வளைந்த முதுகு இருந்தது.

சித்திரக்காரர் சதுரக் கட்டங்கள் நிறைந்த தாளிலே பூவைத் தீட்டித் தருவார். அக்கட்டங்களை வரிவரியாகப் பார்த்து, எந்த வரிக்கு எந்தக் கயிறு என்று பிரித்துக் கட்டுவோரே சித்திரம் வாசிப்போர். ஜக்காரின் தாய் செய்தது இந்த வேலை. இது லியோனுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடலாகாது. பனாரசில் நக்சாக்காரர் பூவை நூல் முடிச்சுகளிலே கட்டிவைத்தனர். காஞ்சிபுரத்தில் அடை என்னும் கயிற்றமைப்பு இதே பணியைச் செய்தது. அங்கும் கயிறு இழுக்க ஒரு துணையாள் வேண்டியிருந்தது. உலகின் இருவேறு மூலைகளில் மனிதர் ஒரே இடர்ப்பாட்டைக் கண்டு ஏறத்தாழ ஒரே விடையை எட்டியிருந்தனர் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

ஜக்காருக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார். பள்ளிக் கல்வி இல்லை. பதின்மூன்று வயதுவரை எழுத்தறியாத பிள்ளையாகவே இருந்தார். தமக்கையின் கணவர் பாரே அச்சுத் தொழிலும் நூல் வாணிகமும் நடத்தியவர். அவரே மைத்துனருக்கு எழுத்தறிவித்தார். 1772இல் தந்தையும் மறைந்தார். வீடும் தறிகளும் ஒரு திராட்சைத் தோட்டமும் கற்சுரங்கமும் மகனுக்கு வந்தன. 1778இல் குளோதின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ஓர் ஆண்மகவு பிறந்தது, அதன்பின் பிள்ளையில்லை.

வந்த செல்வம் நிலைக்கவில்லை. கடன் பெருகித் தறியும் நிலமும் கைவிட்டுப் போயின. மனைவியின் சொத்திலும் ஒரு பகுதி போயிற்று. குளோதின் வைக்கோற் தொப்பி செய்து குடும்பத்தைக் காத்தார் என்பர். வரலாறு எழுதினோர் இவ்விடத்தில் ஜக்காரின் கனவுகளைப் புகழ்ந்து பல பக்கங்கள் எழுதுவர். தொப்பி பின்னிய கைகளுக்கு ஒரு வரி தருவர். கண்டுபிடிப்பாளர் பலரின் வரலாற்றிலே இத்தகைய ஒரு வரி உண்டு. அது நிற்க.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793இல் லியோன் நகரம் பாரிசிலிருந்த புரட்சி அரசை எதிர்த்து எழுந்தது. அரசுப் படைகள் நகரை முற்றுகையிட்டன. நாற்பது வயதைக் கடந்திருந்த ஜக்காரும் பதினான்கு வயது மகனும் நகரைக் காப்போர் அணியில் நின்றனர். ஒக்தோபரில் நகரம் வீழ்ந்தது; பழிவாங்கல் தொடங்கியது. தந்தையும் மகனும் நகரை விட்டுத் தப்பினர். தப்பியவர்கள் உயிர்வாழக் கண்ட வழியோ விந்தையானது: தங்களை முற்றுகையிட்ட அதே அரசின் படையிலே, பெயரை மறைத்துச் சேர்ந்துகொண்டனர். ரைன் நதிப் போர்முனையில் மகன் மாண்டான். இருபது வயதும் நிறையாத ஒற்றை மகன். எங்கள் பக்கத்தில் இவ்வரலாற்றைச் சொல்லும்போது கேட்போர் சிறிது நேரம் பேசாதிருப்பர். அதற்குமேல் விளக்கம் எதுவும் வேண்டியிருப்பதில்லை.

1798 அளவில் ஜக்கார் தனியாக லியோனுக்குத் திரும்பினார். தம் பிள்ளையை இழந்தவர் பிறர் பிள்ளைகளைத் தறியடியிலிருந்து மீட்கப் புறப்பட்டார் என்று எழுதினால் கதை அழகாயிருக்கும். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை நான் அறியேன். நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது, 1800ஆம் ஆண்டு திசம்பரில் அவர் பெற்ற உரிமைப்பத்திரம் கயிறு இழுக்கும் உதவியாளுக்குப் பதிலாக ஒரு பொறியை நிறுத்துவதற்கானது என்பதே. மறு ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அடுத்து அவர் மீன்வலை பின்னும் பொறியொன்றில் ஈடுபட்டார். ஆனையிறவு, சுண்டிக்குளக் கடலேரிகளை அண்டி வாழும் எமக்கு வலையின் முடிச்சு புதிதன்று. அதனை இரும்புக்குக் கற்பிப்பது எத்துணை அரிது என்பதையும் உணரலாம். இவ்வலைப் பொறியின் புகழ் அவரைப் பாரிசுக்கு இட்டுச் சென்றது. அமைச்சர் ஒருவர் அவரை மிரட்டினார், கைதியைப்போல் கொண்டுசென்றனர் என்றெல்லாம் கதைகள் உண்டு. அவற்றை நான் நம்புவதில்லை. பாரிசிலுள்ள கைத்தொழிற் கலைக்கூடத்தில் அவர் கண்ட பழைய தறியொன்றே நமக்கு முக்கியமானது.

அது வோக்கன்சன் என்பாரின் தறி. குழலூதும் பொம்மையும் தானியம் கொறிக்கும் பொம்மை வாத்தும் செய்து புகழ்பெற்றவர் அவர். 1740களில் அவர் அமைத்த அத்தறி, துளையிட்ட தாள் சுற்றிய உருளையொன்றினால் பாவு நூல்களைத் தெரிந்து தூக்க முயன்றது. லியோன் நெசவாளர் அவர்மீது கல்லெறிந்தனர்; தறி கலைக்கூடத்திலே தூசி படிந்தது. அவருக்கும் முன்னர், 1725இல் பசீல் பூசோன் என்பவர் துளைத் தாளைத் தறிக்குக் கொண்டுவந்திருந்தார். 1728இல் பல்கோன் என்பவர் நீண்ட தாளை விடுத்துத் தனித்தனி அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்தார். பல்கோனின் அட்டையையும் வோக்கன்சன் தறியின் உச்சியில் ஏற்றிய அமைப்பையும் ஒன்றாக்கி, உதவியாளின்றி நெசவாளன் ஒருவனே ஒரு காலால் இயக்கத்தக்கதாகச் செய்தது ஜக்காரின் பணி. ஒருவரே யாவற்றையும் கண்டுபிடித்தார் என்னும் பள்ளிப்பாடம் இங்கும் பொய்யாகின்றது. எனினும் முன்னவர் மூவரும் முடிக்காததை முடித்தவர் இவர்.

அப்பொறி இயங்கும் முறை எளிது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைக்கு எதிரே ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியும் ஒரு கொக்கியைப் பற்றியிருக்கும். கொக்கியிலிருந்து பாவு நூலுக்குக் கயிறு இறங்கும். அட்டை ஊசிகள்மீது அழுந்தும்போது, துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே புகுந்து தன் நிலையில் நிற்கும். கொக்கியும் நிமிர்ந்து நின்று, மேலெழும் சட்டத்தில் மாட்டி நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், நூல் கீழே கிடக்கும். நாடா ஒருமுறை ஓடியதும் சதுர உருளை கால்பங்கு திரும்பி அடுத்த அட்டையைக் காட்டும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் ஒரு ரோசாப்பூவைச் சொல்லி முடிக்கும் மொழி இது. அட்டைச் சங்கிலியைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால் அதே தறியில் மயில் ஆடும்.

1805ஆம் ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்து இத்தறியைக் கண்டான். உரிமை நகரத்துக்கு வழங்கப்பட்டது. ஜக்காருக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு ஓய்வூதியமும், ஆறாண்டுக் காலத்துக்கு இயங்கும் தறி ஒவ்வொன்றுக்கும் 50 பிராங்கும் கிடைத்தன. செல்வரை ஆக்கும் தொகை அன்று. பசியைத் தள்ளிவைக்கும் தொகை.

நெசவாளர் வெகுண்டனர். கயிறு இழுத்த கைகளுக்கு இனி என்ன வேலை என்று கேட்டனர். பொது வெளியில் அவர் தறியை உடைத்து எரித்தனர் என்றும், அவரையே ஆற்றில் எறிய முனைந்தனர் என்றும் எழுதுவர். அவ்வெகுளிக்கு வேறொரு காரணமும் இருந்தது. தொடக்கத்தில் அப்பொறி குறையுடையதாகவே இருந்தது. வேலையைக் கெடுத்த நாட்களும் உண்டு. பிரெத்தோன் என்னும் பொறிவினைஞர் 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்குறைகளைக் களைந்தார். இருந்தும் 1812இலேயே பிரான்சில் 11,000 ஜக்கார் தறிகள் இயங்கின என்று கணக்கிடுவர். எரித்தவர்களும் வாங்கத் தொடங்கினர் போலும்.

புதிய தறி உயரமானது. குவா ரூசுக் குன்றின்மேல், ஏறக்குறைய 4 மீற்றர் உயரக் கூரையுடன் நெசவாளர் வீடுகள் எழுந்தன. ஆனால் உயர்ந்த கூரையின் கீழும் கூலி தாழ்ந்தே இருந்தது. 1831 நவம்பரில் நெசவாளர் நெய்கூலி நிர்ணயம் கேட்டுக் கிளர்ந்து நகரையே சில நாட்கள் கைக்கொண்டனர். 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தனர்; படை வந்தது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இம்முறை அவர்களின் பகை தறியன்று, கூலியை வகுத்த வணிகரே. கயிறிழுத்த பிள்ளையின் இருக்கை தறியடியிலிருந்து போய்விட்டது மெய். வறுமையின் இருக்கை போகவில்லை. முன்னதற்காக ஜக்காரைப் போற்றுவோர் பின்னதை மறைத்தலும், பின்னதற்காகத் தூற்றுவோர் முன்னதை மறத்தலும் நேர்மையாகா.

அவ்வேளையில் ஜக்கார் நகருக்குத் தெற்கேயுள்ள ஊலென் என்னும் சிற்றூரில் வாழ்ந்திருந்தார். 1819இல் அரசின் மதிப்புப் பதக்கம் பெற்றிருந்தார். இரண்டாம் கிளர்ச்சி அடங்கிய நான்காம் மாதத்தில், 1834 ஓகஸ்ட் 7ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் இறந்தார். 1840இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை எடுத்தது.

சிலையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1839இல் லியோனில் பட்டிலே நெய்யப்பட்ட அவர் உருவப்படம். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. பார்த்தவர் அதைச் செப்புத்தகட்டு அச்சு என்றே மயங்கினர். ஆங்கிலக் கணிதர் சார்ள்ஸ் பாபேச் ஒரு படியை வாங்கித் தம் இல்லத்தில் மாட்டிவைத்தார். தாம் கருதிய கணிப்பொறிக்கு ஆணைகளைத் துளையட்டையாலேயே தர எண்ணியிருந்தவர் அவர். 1890இல் அமெரிக்கக் குடித்தொகைக் கணக்கும் துளையட்டைகளாலேயே எண்ணப்பட்டது. இன்று காஞ்சிபுரத்தில் சித்திரக்காரர் கணினித் திரையிலே கட்டங்களை நிரப்புகின்றனர். தாளில் தீட்டிய கட்டங்களை ஜக்காரின் தாய் வரிவரியாக வாசித்த வேலைதான் அது.

சென்ற ஆண்டு நான் கற்பிக்கும் மாணவியர் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பழம் பாயைத் தரையில் விரித்து, கட்டம் போட்ட கணக்குக் கொப்பியிலே அதனைப் பெயர்த்து எழுதினர். ஒருத்தி ஓலையை விரலால் தொட்டு மேல், கீழ் என்று வாசிக்க, மற்றவள் சிவப்பு மையாலும் ஊதா மையாலும் கட்டங்களை நிரப்பினாள். பாயின் ஓரம் கிழிந்திருந்த பக்கத்தில் இதழ் ஒன்றரைக்கு ஓலை இல்லை. மற்ற இதழ்களைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்றேன். ஆச்சி அந்த இடத்தில் வேறு விதமாக இழைத்திருக்கலாம் என்று கூறி, அக்கட்டங்களை அவர்கள் வெறுமையாகவே விட்டனர்.