பேர்சிவல் லோவெல் (1855 – 1916)

செவ்வாய்க் கிரகத்தில் எப்போதாவது உயிர்கள் வாழ்ந்தனவா? இவ்வினாவைப் பொதுமக்களிடையே பெரிதும் பரப்பியவர் அமெரிக்க வானியலாளரான பேர்சிவல் லோவெல் ஆவார். அவர் கண்ட விடை பிழையானது. ஆயினும் அவரது வாழ்க்கை மாணவர் அறிய வேண்டியதொன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

லோவெல் 1855 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் செல்வந்தக் குடும்பமொன்றிற் பிறந்தார். கவிஞர் எமி லோவெல் இவரது தங்கை. 1876 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். கணிதத்தில் இவர் சிறந்து விளங்கினார். பின்னர் யப்பான், கொரியா ஆகிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள மக்களின் வாழ்க்கை பற்றி நூல்கள் எழுதினார்.

வானியலில் ஈடுபாடு

1877 இல் இத்தாலிய வானியலாளர் சியாப்பரெல்லி செவ்வாயின் மேற்பரப்பிற் கோடுகளைக் கண்டதாக அறிவித்து, அவற்றைக் 'கனாலி' என அழைத்தார். இச்சொல் இயற்கையான நீர்வழியையும் குறிக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அது வெட்டப்பட்ட கால்வாய் என்னும் பொருளிற் பரவியது. இதனாற் கவரப்பட்ட லோவெல் 1894 இல் அரிசோனாவின் பிளாக்ஸ்ராவ் என்னும் இடத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், சொந்தச் செலவில் ஓர் அவதான நிலையத்தை அமைத்தார். உயரமான இடத்தில் வளி தெளிவாக இருக்கும் என்பதே காரணம்.

கால்வாய்க் கொள்கை

தொலைகாட்டியிற் கண்ட நூற்றுக்கணக்கான கோடுகளை அவர் வரைந்தார். செவ்வாய் நீர் வற்றி இறந்துகொண்டிருக்கும் கிரகம் என்றும், அங்குள்ள அறிவுள்ள உயிரினங்கள் துருவப் பனி உருகும் நீரை வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுசெல்லக் கால்வாய்களை வெட்டின என்றும் விளக்கினார். 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளியான அவரது நூல்கள் மக்களை ஈர்த்தன.

எதிர்ப்புகள்

இங்கிலாந்தில் மோண்டர் என்ற வானியலாளர் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். ஒழுங்கற்ற புள்ளிகளும் நிழல்களும் கொண்ட வட்டப் படத்தைப் பாடசாலைச் சிறுவர் முன் வைத்து, கண்டதை வரையச் சொன்னார். தூரத்தில் இருந்த சிறுவர் பலர், படத்தில் இல்லாத நேர்கோடுகளை வரைந்தனர். தெளிவற்ற புள்ளிகளைக் கண் தானே இணைத்துக் கோடாக்குகிறது என்பது இதனாற் புலனாயிற்று. 1907 இல் வொலஸ் என்ற உயிரியலாளர், செவ்வாயின் கடுங்குளிரில் நீர் திரவமாக இருக்க முடியாது என வாதிட்டார். 1909 இல் அன்ரோனியாடி, பெரிய தொலைகாட்டியினூடாகக் கோடுகள் சிதறிய திட்டுகளாக மாறுவதைக் கண்டார். லோவெல் தம் கருத்தை மாற்றவில்லை. 1916 நவம்பர் 12 ஆம் திகதி காலமானார்.

மரணத்தின் பின்

1930 இல் அவரது அவதான நிலையத்திலேயே புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. 1965 இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களிற் கால்வாய்கள் இருக்கவில்லை; கிண்ணக்குழிகளே இருந்தன. ஆனால் 1971 இற் சென்ற மரினர் 9, வற்றிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் காட்டியது. எனவே, செவ்வாயில் ஒருகாலத்தில் நீர் ஓடியது. 2021 இல் தரையிறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழைய ஏரிப்படுகை ஒன்றில் நுண்ணுயிர்த் தடயங்களைத் தேடியது. அது ஆராய்ந்த ஒரு பாறையில் உயிர்களால் தோன்றியிருக்கக்கூடிய அடையாளங்கள் உள்ளன என 2025 இல் அறிவிக்கப்பட்டது. எனினும், உயிரின்றியும் அவை தோன்றலாம் என்பதால் விஞ்ஞானிகள் முடிவு கூறவில்லை.

படிப்பினை

லோவெல் பொய் சொன்னவர் அல்லர். கண்டதாக நம்பியதையே வரைந்தார். அவதானம் ஒன்று, அதிலிருந்து பெறும் முடிவு வேறொன்று என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. விடைத்தாளிலும் இவ்வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது.