வீதிக்கு விதி வகுத்தவர்

சாலை செல்வதற்கென அமைந்தது. ஆயினும், செல்வோர் யாவரும் தாமே முந்த வேண்டும் என முனைவாராயின், ஒருவரும் செல்லுதல் இயலாது. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்துவதற்கே தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டவர், வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்னும் அமெரிக்கப் பெரியார்.

ஈனோ 1858ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், செல்வக் குடியில் பிறந்தார். 1867ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவராய் இருந்தபோது, அந்நகரின் வீதி ஒன்றில் அவர் சென்ற வண்டி மேற்செல்ல வழியின்றி நின்றது. அங்கே சிக்கி நின்றவை ஏறத்தாழப் பன்னிரண்டு குதிரை வண்டிகளே. எனினும், எவ்வண்டி ஒதுங்குவது, எவ்வண்டி முன்செல்வது என்பதை ஓட்டுவோரும் அறியார், காவலரும் அறியார். வீதியில் இடம் இருந்தது, ஒழுங்கு இல்லை. இக்காட்சி அவ்விளநெஞ்சில் ஆழப் பதிந்தது.

யேல் கல்லூரியில் பயின்றபின், ஈனோ தந்தையாரின் தொழிலில் ஈடுபட்டிருந்தார். நாற்பது வயதை எய்திய பின்னர் அதனை விடுத்து, வீதி ஒழுங்கினையே தம் பணியாக மேற்கொண்டார். 1900ஆம் ஆண்டில் அது குறித்துக் கட்டுரை வரைந்தார். 1903ஆம் ஆண்டில், அவர் வகுத்த விதிகளை நியூயார்க் நகரம் ஏற்றுக்கொண்டது. மெல்லச் செல்லும் வண்டிகள் வலப்புற ஓரமாகச் செல்லுதல் வேண்டும். நிற்கவோ திரும்பவோ எண்ணுவோர், கையையோ சாட்டையையோ உயர்த்திப் பின்வருவோர்க்கு அறிவித்தல் வேண்டும். இன்று எளியனவாகத் தோன்றும் இவ்விதிகள் அன்று புதுமையாய் இருந்தன.

பல சாலைகள் கூடுமிடத்தில் வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கிடுவதே தடைக்குக் காரணம் என அவர் கண்டார். அனைத்தும் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றி வருமாயின், குறுக்கீடு நீங்கும். கலத்தலும் பிரிதலுமே எஞ்சும். 1905ஆம் ஆண்டில், நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு சாலைகள் கூடும் பாரிஸ் நகரத்து வெற்றி வளைவைச் சுற்றியும் 1907ஆம் ஆண்டில் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. ஆயினும், வட்டத்துள் நுழைவோர்க்கே முதலிடம் தந்த நகரங்களில், நெரிசல் மிகுந்தபோது வட்டமே அடைபட்டது. 1966ஆம் ஆண்டில், வட்டத்தில் சுற்றிவருவோர்க்கு முதலிடம் அளித்து, பிரிட்டன் அக்குறையைப் போக்கிற்று.

மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் நாற்சந்திகள்தோறும் விளக்குகள் தோன்றின. குறுக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போதும் வண்டிகளைக் காக்கவைக்கும் அவ்விளக்குகளை ஈனோ விரும்பவில்லை. அவர் கவலை பொருளற்றதன்று. ஒரு கணக்கைக் காண்போம். இரண்டு கிலோமீட்டர் தொலைவை, மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் 3 நிமிடங்களில் கடக்கலாம். இடையில் மூன்று விளக்குகளில் ஒவ்வொரு நிமிடம் நிற்க நேர்ந்தால், 6 நிமிடங்கள் ஆகும். சராசரி விரைவு 20 கிலோமீட்டராகக் குறையும். இடைவெளிகளில் 60 கிலோமீட்டர் விரைவில் பாய்ந்தாலும், சராசரி 24 கிலோமீட்டரைத் தாண்டாது. பாய்ச்சலால் வரும் பயன் சிறிது. அதனால் நேரும் இடரோ பெரிது. இக்குறையை நீக்கவே, அடுத்தடுத்த விளக்குகளைக் காலத்தால் இணைக்கும் முறை வளர்ந்தது. குறித்த விரைவில் சீராகச் செல்வோர்க்கு, ஒவ்வொரு சந்தியிலும் பச்சை விளக்கே எதிர்ப்படும்.

ஈனோ குதிரையேற்றத்தில் விருப்பம் உடையவர். மோட்டார் வண்டி ஓட்ட அவர் கற்றதே இல்லை. எனினும், அவ்வண்டிகள் செல்லும் நெறியை ஆராய 1921ஆம் ஆண்டில் ஓர் அறநிலையத்தை நிறுவினார். 1945ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் நடந்து வருகிறது.

மாணவர்களே! பன்னிரண்டு வண்டிகள் ஒரு வீதியை அடைக்க வல்லன. அவற்றைச் சீராகச் செலுத்த ஓர் ஒழுங்கும் வல்லது. பிறர்க்கு வழிவிட்டு நிற்கும் சிறுபொழுதே நமக்கும் வழியைத் திறக்கிறது.