மதுராந்தகத்தில் மாணாக்கராய் நின்ற இராமாநுசர்

செங்கற்பட்டினின்றும் தெற்கே செல்வார் மதுராந்தகத்தை அணுகுங்கால், கடல்போற் பரந்த பேரேரியைக் காண்பர். அதனருகே ஏரிகாத்த இராமர் கோயில் உளது. அங்கு நின்ற மகிழமரத்தடியிலேதான் இராமாநுசர் தம் ஆசிரியரை அடைந்தார் என்பது வைணவ மரபு. மெய்ந்நூற் கல்வி வகுப்பறையோடு முடிவதா, மக்கள் வாழ்வையும் தொடவேண்டுவதா என்று இக்காலத்துக் கற்றோர் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு அப்பெரியார் வாழ்க்கையே ஒரு விடையாதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

மரபின்படி அவர் 1017 ஆம் ஆண்டில் திருப்பெரும்பூதூரிற் பிறந்தார். இளமையில், காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் கூறிய பொருள் உள்ளத்திற்கு ஒவ்வாதபோது, பணிவுடன் வேறு பொருள் உரைத்தார். ஆசிரியர்க்கு அது பொறுக்கவில்லை, இருவரும் பிரிந்தனர். பின்னாளில் அவ்வாசிரியரே இவருக்கு மாணாக்கரானார் என்று குருபரம்பரை கூறும். காஞ்சியில் அந்தணரல்லாத திருக்கச்சிநம்பிகளை இவர் குருவாகப் போற்றினார். அறிவுடையார் எக்குலத்தாராயினும் அவரை வணங்கிக் கற்கும் உள்ளம் இவர்க்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

திருவரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தார் இவரைத் தமக்குப் பின் வைணவத்தை நடத்தத் தக்கவரெனக் கருதி, அழைத்துவரப் பெரியநம்பியை விடுத்தார். இவர் விரைந்து சென்றும், ஆளவந்தாரை உயிரோடு காணும் பேறு கிட்டவில்லை. அத்துயரை இவர் ஒருநாளும் மறந்திலர்.

சிலகாலம் கழித்து இவர் பெரியநம்பியை நாடித் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். நம்பியும் இவரை நாடிக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்திற் சந்தித்தனர். காஞ்சிக்குச் சென்று வரதராசர் திருமுன்பு உபதேசம் பெறலாமென நம்பி கருதினார். ஆளவந்தாரை இழந்த இராமாநுசரோ, யாக்கை நிலையாதென்று எண்ணி, அவ்விடத்திலேயே அருளவேண்டுமென இரந்தார். அவ்வாறே மகிழமரத்தடியில் உபதேசம் நிகழ்ந்தது. கற்கவேண்டுவதை நாளைக்கென ஒத்திவையாமையே அவர் மதுராந்தகத்திற் காட்டிய பாடம்.

கற்றதைப் பிறர்க்கு அளிப்பதிலும் அவர் தாழ்க்கவில்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று மறைபொருளொன்றைப் பெற்றார். அதனை வெளியிடுவார் நரகெய்துவர் என்பது ஆசிரியர் கட்டளை. ஆயினும் கோயிலின் உயர்ந்த இடத்தே ஏறி நின்று, விரும்பினார் அனைவர்க்கும் அதனை உரைத்தார். பலர் உய்யத் தாம் ஒருவர் நரகம் புகுதல் நன்றே என்று அவர் துணிந்ததைக் கேட்டு, சினந்த ஆசிரியரும் வியந்து தழுவிக்கொண்டார் என்பர்.

இத்துணிவு அவர் தத்துவத்தோடு இயைந்ததேயாகும். உயிர்களும் உலகும் மெய்; அவை இறைவனுக்கு உடலாவன என்பது அவர் ஸ்ரீபாஷ்யத்தில் நிறுவிய விசிட்டாத்துவைதக் கொள்கை. உலகம் இறைவன் உடலாயின், அயலானை இகழ்தல் இறைவனை இகழ்தலன்றோ? மேல்கோட்டையில் தீண்டாதாரென ஒதுக்கப்பட்டோரைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டழைத்து, ஆண்டில் சில நாள் கோயிலுட் புக வழிசெய்தார் என மரபு கூறும். அவர் வருணமுறையை முற்றும் ஒழித்தாரல்லர். சில நாள் என்ற வரம்பே அதற்குச் சான்று. எனினும் அடைத்திருந்த கதவை அக்காலத்தே திறக்கத் துணிந்தது சிறுசெயலன்று.

மரபின்படி 1137 ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் அவர் திருநாடு எய்தினார்.

நம் கல்லூரி வேறொரு சமயத்தின் நிழலில் வளர்ந்தது. ஆயினும் இப்பெரியார் விடுக்கும் வினா நம் எல்லோர்க்கும் உரியது. நாம் பெறும் கல்வி பட்டத்தாளோடு பெட்டியிற் பூட்டப்படுமாயின், அது திருக்கோட்டியூரில் வெளியிடப்படாத மறைபொருளாகவே நின்றுவிடும். மதுராந்தகத்து மாணாக்கரைப்போல் விரைந்து கற்போமாக. கற்றதைக் கரவாது, நம்மூர்ச் சிறாரிடத்தும் எளியோரிடத்தும் கொண்டு சேர்ப்போமாக.