முயல் ரத்தம், மின்சாரம், இரும்புக் கருவி: ஜெர்மன் பேரரசரின் இடது கைக்கு என்ன ஆச்சு?

ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்க. இடது கை வாளின் பிடி மேல் இருக்கும், இல்லாவிட்டால் கோட் பாக்கெட்டுக்குள் போயிருக்கும். இது வெறும் போஸ் இல்லை. அந்தக் கை வலது கையைவிட சுமார் 15 செ.மீ. குட்டை. முதல் உலகப் போருக்குள் ஜெர்மனியைக் கொண்டுபோன பேரரசருக்கு, பிறந்த அன்றே பட்ட காயம்.

1859 ஜனவரி 27, பெர்லின். தாய் விக்டோரியாவுக்கு வயது 18. பிரிட்டன் ராணி விக்டோரியாவின் மூத்த மகள். முதல் பிரசவம், அதுவும் குழந்தை தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்த நிலை. மகப்பேறு நிபுணர் எடுவர்ட் மார்ட்டினை உடனே வரச்சொல்லி எழுதிய சீட்டு, ஆள் மூலம் போகாமல் தபாலில் போய்விட்டது. அரண்மனையிலும் இப்படி நடக்கும்! அவர் வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் வீணாகியிருந்தது. தலைக்கு மேலே போயிருந்த இடது கையை இறக்கித்தான் குழந்தையை வெளியே எடுத்தார். மூச்சில்லாமல் வந்த குழந்தையைத் தட்டி, தேய்த்து அழவைத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிசு என்றிருந்த நேரத்தில் கையை யாரும் கவனிக்கலை. சில நாள் கழித்துத்தான் அது அசையாமல் கிடப்பது தெரிந்தது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புக் கொத்து, பிரசவத்தில் அளவுக்கு மீறி இழுபட்டால் இப்படி ஆகும். இன்று இதன் பொதுவான வகைக்கு ‘எர்ப் வாதம்’ என்று பெயர். மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் அதை விவரித்து எழுதியது 1874-ல். அதாவது, குழந்தை பிறந்து 15 வருடம் கழித்து. கோளாறு தசையிலா, எலும்பிலா, நரம்பிலா என்ற தெளிவே இல்லாமல்தான் வைத்தியம் தொடங்கியது.

முதலில் குளிர்ந்த நீர், மசாஜ். ஆறு மாதம் ஆனதும், அப்போதுதான் வெட்டிய முயலின் சூடான உடலுக்குள் கையை வைத்திருக்கும் சிகிச்சை, வாரத்துக்கு இரண்டு முறை. மிருகத்தின் சூடும் பலமும் கைக்கு ஏறுமாம். பிறகு மின்சாரம் பாய்ச்சினார்கள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்ததால் தலையை நிமிர்த்த ஒரு இரும்புக் கருவி. 1865-ல் கழுத்துத் தசைநாரை வெட்டி அறுவை சிகிச்சை. நடக்கப் பழகும் வயதில் நல்ல வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார்கள், இடது கை தானா வேலை செய்யட்டும் என்று. பிடித்துக்கொள்ள ஒரு கைகூட இல்லாமல் குழந்தை விழுந்ததுதான் மிச்சம்.

இந்தக் கடைசி யோசனை முழுக்க முட்டாள்தனம் இல்லை. நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி, பலவீனமான கையை விளையாட்டு மூலம் இயங்கவைக்கும் சிகிச்சை இன்றும் இருக்கு. ஆனா நரம்பு ஓரளவாவது மீண்டிருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

இன்றைக்கு இந்தக் காயத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், எலும்பு முறிவு இல்லை என்று பார்த்த பிறகு பிசியோதெரபிஸ்ட் முதலில் பயிற்சி தருவது அம்மா, அப்பா, பாட்டிக்குத்தான். அறுந்துபோன நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. அதுவரை மூட்டு இறுகிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்களை மெதுவாக, வலிக்காமல் அசைத்துவிடச் சொல்வார்கள். சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். அக்குளில் கை கொடுத்தோ, கையைப் பிடித்தோ தூக்கவே கூடாது. அந்தக் கைக்கு உணர்ச்சி குறைவு என்பதால், அது தன் கைதான் என்று குழந்தைக்குத் தெரிய, பஞ்சு, துணி என்று விதவிதமாகத் தொட்டுக் காட்டணும், வாயருகே கொண்டுபோகணும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கை நன்றாகவே தேறிவிடுகிறது. மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்க முடியாவிட்டால், நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் தள்ளிப்போடாமல் காட்டணும்.

வில்ஹெல்மின் தாய்க்கு இப்படிச் சொல்லித்தர ஆளில்லை. மகனைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு, கூடவே அவமானம். கடிதம் கடிதமாகத் தன் அம்மாவிடம் புலம்பினாள். பையனோ வீட்டு ஆசிரியர் ஹின்ஸ்பீட்டரிடம் சிக்கினான். அங்கவடி இல்லாமல் குதிரையில் ஏற்றி, விழ விழ மறுபடி ஏற்றி, அவன் அழுதும் விடாமல் பல வாரம் பழக்கினாராம். இதைச் சொன்னவர் ஹின்ஸ்பீட்டரே. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். குதிரையேற்றம் வந்தது, தாயோடு இருந்த கசப்பு போகலை.

1888-ல், 29 வயதில் பேரரசர். இரண்டே வருடத்தில் பிஸ்மார்க்கைப் பதவி விலகவைத்தார். சாப்பாட்டு மேசையில் கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்த்த தனிக் கருவி. அவருடைய வீம்புக்கும் ராணுவ மோகத்துக்கும் அந்தக் கைதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு போரையே ஒரு கையின் மேல் போடுவது ரொம்பச் சுலபமான கணக்கு.

1918-ல் அரியணை போனது. நெதர்லாந்தின் டோர்ன் ஊரில் மீதி வாழ்நாள். அங்கே தினமும் மரம் அறுப்பதும் விறகு பிளப்பதும்தான் அவருடைய உடற்பயிற்சி, வலது கையின் பலத்தில். 1941 ஜூன் 4 அன்று, 82 வயதில், அங்கேயே இறந்தார்.