ஏப்ரல் 14-ம் எங்க ஆயாவும்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு "ஒரு நாள், பல செய்தி" என்று தலைப்பு கொடுத்தார்கள். தமிழ் அய்யா தேதிகளைச் சீட்டில் எழுதி சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்த சீட்டு ஏப்ரல் 14. அது லீவு நாளாச்சே, அதில் எழுத என்ன இருக்கு என்று பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்ததை வரிசையாகத் தருகிறேன்.

1629: சனிக் கோளின் டைட்டன் என்ற நிலவைப் பின்னாளில் கண்டுபிடித்த ஹைகன்ஸ், நெதர்லாந்தில் பிறந்தார்.

1865: அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ராத்திரி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். மறுநாள் காலையில் இறந்தார்.

1891: அண்ணல் அம்பேத்கர் மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ஊரில் பிறந்தார். 14-ஆம் தேதி பிறந்த அவர், தன் பெற்றோருக்கும் 14-வது பிள்ளை. அன்னிக்கு நமக்கு லீவு.

1912: டைட்டானிக் கப்பல் இரவு 11.40-க்குப் பனிப்பாறையில் மோதியது. மூழ்கியது 15-ஆம் தேதி அதிகாலை 2.20-க்கு. 1500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

1944: பம்பாய் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த நாள் தீயணைப்பு சேவை தினம்.

1950: நம்ம ஊர் ரமண மகரிஷி மறைந்தார்.

அன்னிக்கு ராத்திரி எங்க ஆயா பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் இந்தப் பட்டியலைச் சத்தமாகப் படித்தேன். கடைசி வரியைக் கேட்டதும் ஆயா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, அது நான் பொறந்த ராத்திரியாச்சே என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா ஆயாவோட ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1, வருஷம் 1953. வயசு கேட்டப்போ குத்துமதிப்பாகச் சொன்னாங்களாம். எங்க தெருவில் வயசான பாதிப்பேருக்கு ஜனவரி 1-தான் பிறந்தநாள்.

ஆயா சொன்னது இதுதான். அவங்க அம்மாவுக்கு அன்னிக்குச் சாயந்தரமே இடுப்பு வலி வந்துவிட்டது. மருத்துவச்சியைத் தேடினால் ஆள் இல்லை. சாமிக்கு முடியல என்று கேள்விப்பட்டு ஆசிரமத்துக்குப் போயிருக்காங்க. கூட்டத்துக்குள்ளே புகுந்து தேடிக் கூட்டி வந்தார்களாம். வரும்போதே வானத்தில் பெரிசா ஒரு நட்சத்திரம் மலைப்பக்கம் ஓடிச்சாம். விடியறதுக்குள்ளே ஆயா பிறந்துட்டாங்க. அது வெள்ளிக்கிழமை ராத்திரி என்று அவங்க அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்.

எங்க அம்மா இதை நம்பவில்லை. ஆயா எல்லாத்தையும் பெரிசாக்கிச் சொல்வாங்க என்றார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அதனால் அந்த ராத்திரி மறைந்தவர் யார், உண்மையில் என்ன நடந்தது என்று படித்தேன்.

ரமணர் பிறந்ததும் ஒரு நடுராத்திரிதான். 1879 டிசம்பர் 30, ராத்திரி ஒரு மணி. இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில் ஆருத்ரா தரிசன ஊர்வலம் முடிந்து சாமி கோயிலுக்குத் திரும்பிய நேரம். அப்பா சுந்தரமய்யர், அம்மா அழகம்மாள். குழந்தைக்கு வைத்த பெயர் வேங்கடராமன். மார்கழி மாதம், புனர்பூசம் நட்சத்திரம். ஆசிரமத்தில் ஜெயந்தி கொண்டாடுவதும் அந்த நட்சத்திரத்தில்தான். அதனால்தான் வருஷா வருஷம் வேற வேற தேதியில் நம்ம ரோட்டில் கூட்டம் வருது.

அவருக்கு 12 வயசில் அப்பா இறந்துவிட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். முதல் மார்க் வாங்கிய பையன் இல்லை. கால்பந்தும் நீச்சலும்தான் பிடிக்கும். பயங்கரத் தூக்கக்காரர். தூங்கும்போது மற்ற பையன்கள் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும் எழுந்திருக்க மாட்டாராம்!

1896 ஜூலை மாதம், 16 வயசில், மாடி அறையில் தனியாக இருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் வந்தது. எனக்கெல்லாம் அப்படி வந்தால் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கையும் காலும் நீட்டிப் படுத்து, இந்த உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தார். உடம்பு வேறு, நான் என்பது வேறு என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் சாவுக்குப் பயப்படவே இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 29 அன்று வீட்டில் உட்கார்ந்து ஆங்கில இலக்கணப் பாடத்தை இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தார். மனசு படிப்பில் இல்லையே என்று அண்ணன் குத்திக் காட்டினார். எழுதியதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். கையெழுத்துகூடப் போடவில்லை.

அவர் பார்த்தது பழைய அட்லஸ். அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். ரயிலில் வந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறலாம் என்று வழி சொன்னார். காசு போதாமல் கொஞ்ச தூரம் நடந்தார். திருக்கோவிலூர் பக்கம் ஒரு வீட்டில் காதில் போட்டிருந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, 1896 செப்டம்பர் 1 அன்று நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தார். மிச்சக் காசையும் பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். ஆயிரங்கால் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தவர்மேல் நம்ம ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அதனால்தான் இருட்டான பாதாள லிங்கத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள்! அவங்க அம்மா பட்ட பாட்டையும் படியுங்கள். மகன் எங்கே என்று தெரியாமல் தேடி, 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து வீட்டுக்கு வரச்சொல்லி அழுதார்கள். அவர் பேசவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அம்மா அழுதுகொண்டே திரும்பிப் போனார்கள். அந்த இடத்தில் நான் அம்மா கட்சி.

அவர் 1899-லிருந்து விருபாட்ச குகையில் இருந்தார். 1907-ல் கணபதி முனிவர்தான் பகவான் ரமண மகரிஷி என்று பெயர் வைத்தார். 1912-ல் முதல்முறை பிறந்தநாள் கொண்டாடினார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. தான் எங்கிருந்து பிறந்தோம் என்று தெரிந்துகொள்ளும் நாள்தான் உண்மையான பிறந்தநாள் என்ற கருத்தில் பாட்டு எழுதினார்.

1916-ல் அம்மா அவரோடவே தங்க வந்துவிட்டார்கள். எல்லாரும் மேலே கந்தாசிரமத்துக்குப் போனார்கள். அம்மா சமைத்துப் போட்டார்கள். 1922 மே 19 அன்று அம்மா இறக்கும்வரை ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் மலையிலிருந்து தினமும் இறங்கிவந்து பார்ப்பார். அந்த வருஷக் கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். அதுதான் ரமணாசிரமம். அம்மாவை விட்டு வந்தவர் கடைசியில் அம்மா சமாதிக்குப் பக்கத்தில்தான் வாழ்ந்தார். நம்ம ஏரியாவுக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

விடியறதுக்கு முன்னாடியே எழுந்து காய் நறுக்குவார். தனக்கென்று தனிச் சாப்பாடு வைக்க விடமாட்டார். பசு லட்சுமி 1948-ல் இறந்தபோது அதற்கும் சமாதி வைத்தார்கள். இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு இடது முழங்கைப் பக்கம் ஒரு கட்டி வந்தது. அது புற்றுநோய். 1949-ல் நாலு முறை ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தது. கையை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கடைசி நாள் வரை, பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கூடாது என்றுவிட்டார். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு வெளியே பக்தர்கள் அவர் எழுதிய அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். 8.47-க்கு மூச்சு நின்றது. அந்த நேரத்தில் பெரிய எரிநட்சத்திரம் ஒன்று வானத்தில் மெதுவாகப் போனதைப் பலர் பார்த்தார்கள். அப்போது இங்கே வந்திருந்த கார்த்தியே பிரசோன் என்ற பிரெஞ்சு போட்டோக்காரரும் பார்த்திருக்கிறார்.

படித்ததும் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். நட்சத்திரக் கதை ஊருக்கே தெரியுமே என்றார்கள். சரிதான். மிச்சமிருந்தது கிழமை. நம் முதல் குடியரசு தினமான 1950 ஜனவரி 26 வியாழக்கிழமை. அதிலிருந்து ஜனவரியில் மிச்சம் 5 நாள், பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 14. கூட்டினால் 78. 7-ஆல் வகுத்தால் மீதி 1. வியாழனுக்கு அடுத்தது வெள்ளி! ஆயாவின் அம்மாவுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனாலும் கிழமை சரியாக இருக்கிறது. அம்மா கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஆயாவையே பார்த்தார்கள்.

இப்போது வகுப்பில் ஒரு சண்டை. நட்சத்திரம் ஓடியது 14, ஆயா பிறந்தது விடியற்காலை என்றால் 15-தானே என்று கேட்டார்கள். தமிழ் அய்யா விளக்கினார். ஆங்கிலக் கணக்கில் நாள் நடுராத்திரியில் மாறும், நம் பெரியவர்கள் கணக்கில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். டைட்டானிக் மோதியதும் மூழ்கியதும் அவர்களுக்கு இரண்டு தேதி, நமக்கு ஒரே ராத்திரி. ஆயாவிடம் கேட்டேன். 14-தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். யாரு கேட்டீங்க என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

75 வயசு தாண்டி எங்க ஆயாவுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. கேக் வேண்டாமாம், கேசரி போதுமாம். 14-ஆம் தேதி லீவுதான், வர முடிந்தவர்கள் வீட்டுக்கு வாங்க. அப்படியே உங்க வீட்டில் ஜனவரி 1-ல் பிறந்த ஆயா, தாத்தா யாராவது இருந்தால் அந்த ராத்திரி என்ன நடந்துச்சு என்று கேட்டு எழுதி வாருங்கள். கிழமைக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி