கடற்கரை மணல் முதல் மின்சாரம் வரை: ஹோமி சேத்னாவின் வாழ்க்கைப் பயணம்

மும்பை: இந்திய அணுசக்தித் துறையின் வரலாற்றைப் பேசும்போது ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. அத்துறைக்குத் தேவையான தாதுவையும் எரிபொருளையும் உள்நாட்டிலேயே ஆயத்தம் செய்யும் ஆலைகளை அமைத்தவர்களில் முதன்மையானவர் ஹோமி நுசர்வான்ஜி சேத்னா. வேதியியல் பொறியாளராகப் பணியைத் தொடங்கிய அவர், அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும், பின்னர் மும்பைக்கு மின்சாரம் வழங்கும் டாட்டா மின் நிறுவனங்களின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

மும்பையில் பார்சி குடும்பம் ஒன்றில் 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி பிறந்தார் சேத்னா. புனித சவேரியார் பள்ளியில் பயின்றபின், மும்பைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்தார். மாட்டுங்காவில் இன்று வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அத்துறையே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, இங்கிலாந்தில் சிறிது காலம் பணியாற்றிய அவர், 1949ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார்.

மணலில் தொடங்கிய பணி

தென்திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பது 1909ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தோரியம் அடங்கிய அந்த மணல், எரிவாயு விளக்குகளின் வலைத்திரி செய்வதற்காகப் பல ஆண்டுகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. மூலப்பொருள் நம்முடையதாக இருந்தும், அதைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பமும் அதனால் கிடைத்த ஆதாயமும் அயலாரிடமே இருந்தன.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1950ஆம் ஆண்டு இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட் பதப்படுத்தும் ஆலையை அமைக்கும் பொறுப்பு இளைஞரான சேத்னாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதமர் நேரு அந்த ஆலையைத் திறந்து வைத்தார். மணவாளக்குறிச்சி இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு அந்நிறுவனத்தின் மணல் பிரிப்பு ஆலை தொடர்ந்து இயங்கி வருகிறது.

டிராம்பேயின் ஆலைகள்

ஆலுவாவில் கிடைத்த அனுபவம் சேத்னாவை மும்பையின் செம்பூரை அடுத்த டிராம்பேக்கு அழைத்து வந்தது. கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட 40 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட சைரஸ் ஆய்வு உலையின் திட்ட மேலாளராக அவர் பணியாற்றினார். அந்த உலை 1960ஆம் ஆண்டு ஜூலையில் செயல்படத் தொடங்கியது.

அடுத்து, பயன்படுத்தப்பட்ட எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையை அவரது தலைமையில் இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்தனர். கதிரியக்கம் மிகுந்த பொருளைத் தொலைவிலிருந்தே கையாள வேண்டிய அத்தொழில்நுட்பம் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளிடமே இருந்தது. 1965ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி இந்த ஆலையைத் திறந்து வைத்தார்.

1966ஆம் ஆண்டு விமான விபத்தில் பாபா உயிரிழந்ததைத் தொடர்ந்து டிராம்பே அணுசக்தி நிலையத்தின் இயக்குநரானார் சேத்னா. அடுத்த ஆண்டு அந்த நிலையத்துக்கு பாபாவின் பெயர் சூட்டப்பட்டது. அதே 1967ஆம் ஆண்டு இந்திய யுரேனியக் கழகம் உருவானது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாதுகோடாவில் யுரேனியத் தாதுவைப் பதப்படுத்தும் ஆலை அமைந்ததிலும் சேத்னாவின் பங்கு முதன்மையானது. அச்சுரங்கப் பகுதியில் வாழும் பழங்குடி மக்கள் ஆலைக் கழிவுகளால் தங்கள் உடல்நலம் பாதிக்கப்படுவதாகப் பிற்காலத்தில் எழுப்பிய கேள்விகளும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

பொக்ரானுக்குப் பின்

சாராபாயின் மறைவுக்குப் பிறகு, 1972ஆம் ஆண்டு அணுசக்தி ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார் சேத்னா. 1974ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா தனது முதல் அணுவெடிப்புச் சோதனையை நடத்தியது. சைரஸ் உலையில் உருவாகி, டிராம்பே ஆலையில் பிரித்தெடுக்கப்பட்ட புளூட்டோனியமே அதில் பயன்பட்டது.

அதற்கான விலையை அணுமின் திட்டங்கள் கொடுக்க நேர்ந்தது. கனடா தனது ஒத்துழைப்பை நிறுத்தியதால், கோட்டா அருகே கட்டப்பட்டு வந்த ராஜஸ்தான் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு 1981ஆம் ஆண்டில்தான் வணிகமுறை உற்பத்தியைத் தொடங்கியது.

மும்பைப் பகுதி மக்களுக்கு அருகிலிருந்த சிக்கல் தாராப்பூர். அன்றைய தாணே மாவட்டத்தில், இன்றைய பால்கர் மாவட்டத்தில் உள்ள அந்நிலையம், 1969ஆம் ஆண்டு முதல் மேற்கு மாநிலங்களுக்கு மின்சாரம் வழங்கி வந்தது. அதன் இரு உலைகளும் அமெரிக்கா அனுப்பும் செறிவூட்டிய யுரேனியத்தை நம்பியிருந்தன. 1978ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய அணுப்பரவல் தடைச் சட்டம் அந்த வரத்தைக் கேள்விக்குறியாக்கியது. நீண்ட பேச்சுவார்த்தைகளுக்குப் பின், 1982ஆம் ஆண்டு பிரான்ஸ் எரிபொருள் வழங்க முன்வந்ததால் சிக்கல் தணிந்தது.

1980ஆம் ஆண்டுக்குள் 2,700 மெகாவாட் அணுமின் திறன் என்று முன்னர் வகுக்கப்பட்ட இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும், உள்நாட்டுத் தாதுவும் உள்நாட்டு ஆலைகளும் தேவை என்று தொடக்கம் முதல் மேற்கொண்ட உழைப்பின் பயன் இக்காலத்தில்தான் வெளிப்பட்டது. இந்தியப் பொறியாளர்கள் தாமே கட்டிமுடித்த கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டு சேத்னா பணி ஓய்வு பெற்றார்.

மீண்டும் செம்பூர்க் கரையில்

ஓய்வுக்குப் பின் தொழில்துறைக்குச் சென்ற அவர், டாட்டா மின் நிறுவனங்களின் தலைவராகப் பணியாற்றினார். அந்நிறுவனத்தின் டிராம்பே அனல்மின் நிலையமும் செம்பூரை ஒட்டிய கடலோரத்திலேயே அமைந்துள்ளது.

1960ஆம் ஆண்டு பட்நாகர் விருதைப் பெற்ற சேத்னாவுக்கு பத்மஸ்ரீ, பத்ம பூஷண், பத்ம விபூஷண் ஆகிய மூன்று விருதுகளையும் மத்திய அரசு வழங்கியது. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி மும்பையில் தமது 87ஆவது வயதில் அவர் காலமானார்.

மாட்டுங்காவின் வகுப்பறை, டிராம்பேயின் அணு ஆலைகள், செம்பூரின் மின் நிலையம் ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கியவை. அன்றாடம் அவ்வழியே ரயிலிலும் பேருந்திலும் செல்லும் பல்லாயிரம் தமிழர்கள், சேத்னாவின் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியைக் கடந்தே செல்கின்றனர்.